தம்பியின் படுக்கையருகே ஒரு கவிஞர்

நடுநிசி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் பெரிய நாற்காலி ஒன்றில் விழித்தபடி உட்கார்ந்திருக்கிறான். எதிரே கட்டிலில் அவனுடைய தாய். இருமல் அவளைத் தூங்கவிடவில்லை.

மருந்தை வேறு யாரும் கொடுக்கக்கூடாது. அவன்தான் கொடுப்பான். சாப்பாட்டையும் வேறு யாரும் சமைக்கக்கூடாது. அவன்தான் சமைப்பான். தாய்க்குக் கொஞ்சம் தெம்பு இருந்தால் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவான்.

அந்தச் சிறுவனுக்கு அப்போது வயது 14. பெயர் ஜான் கீட்ஸ். ஆங்கில மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவர் என்று பின்னாளில் புகழ் பெற்றவர்.

அவருடைய பாட்டைக் கல்லூரியில் படித்தவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். ஆனால் அவர் டாக்டர் வேலைக்குப் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

மேஜைக்கு அடியில்

கீட்ஸ் 1795-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தகப்பனார் குதிரை லாயம் நடத்தி வந்தார். 1804-ம் ஆண்டு குதிரையிலிருந்து விழுந்து மண்டை உடைந்து இறந்துபோனார். மூத்த பிள்ளை ஜானுக்கு அப்போது 8 வயது. அடுத்து ஜார்ஜ், டாம் என்று இரண்டு தம்பிகள். கடைசியில் ஒரு தங்கை.

தாய் மறுமணம் செய்துகொண்டாள். அது நிலைக்கவில்லை. பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தாய் திரும்பி வந்தாள், நோயாளியாக. அவளுக்குச் சயரோகம். அப்போது அதற்கு மருந்து கிடையாது.

விடுமுறைக்கு வந்த ஜான் அவளுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தான். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனான். 1810-ம் ஆண்டு மார்ச் மாதம் சாவுச் செய்தி வந்தது. ஆசிரியரின் மேஜைக்கு அடியில் இருந்த இடுக்கில் போய் ஒளிந்துகொண்டு அழுதான்.

ரண சிகிச்சை அறையில்

அதன்பின் ஜான் பள்ளிக்கூடத்தை விட்டார். வீட்டாருக்கு வைத்தியம் பார்த்து வந்த டாக்டரிடமே தொழில் பழகச் சேர்ந்தார். 1815-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டனிலுள்ள கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவரானார். சீக்கிரமே 'டிரெஸ்ஸர்' என்ற பொறுப்பு கிடைத்தது.

டிரெஸ்ஸர் வேலை லேசானதல்ல. மயக்க மருந்து இல்லாத காலம் அது. கத்தி வைக்கும்போது துடிக்கும் நோயாளியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே கட்டுக் கட்ட வேண்டும். நாள்தோறும் இதே வேலை.

1816-ம் ஆண்டு ஜூலை மாதம் பரீட்சையில் தேறினார். வைத்தியம் பார்க்க லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் வயது 20தான். 21 ஆனால்தான் தொழில் செய்யலாம். ரண சிகிச்சைப் பரீட்சையும் பாக்கி இருந்தது.

அந்தப் பரீட்சையை அவர் எழுதவே இல்லை. ஒருநாள் ஒருவருக்கு நெற்றிப் பொட்டில் ரத்தக் குழாயைத் திறந்தார். வேலை பிசகவில்லை. ஆனால் அப்போது தன் மனம் எங்கெங்கோ ஓடியதை நினைத்துப் பார்த்தார். கை தவறாமல் இருந்ததே அதிசயம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. இதைப் பின்னாளில் அவரே தம் நண்பர் பிரௌனிடம் சொன்னார்.

பாட்டு எழுதப் போகிறேன் என்றார். பணத்துக்குப் பொறுப்பாளராக இருந்த கார்டியன் அவரை முட்டாள் என்று ஏசினார். கார்டியன் மீதும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இருந்த பணத்தில் பெரும்பகுதி படிப்புக்கே செலவாகியிருந்தது.

தம்பிக்கும் அதே நோய்

வைத்தியத்தை அவர் விட்டார். நோய் அவரை விடவில்லை.

கடைசித் தம்பி டாமுக்கு இருமல் வந்தது. சளியில் ரத்தம் வந்தது. கடற்கரைக் காற்று நல்லது என்று அவனை டின்மத் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். முதலில் ஜார்ஜ் பார்த்துக்கொண்டார். 1818-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜான் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதம் பக்கத்திலேயே இருந்தார்.

அந்தக் கோடையில் ஜார்ஜ் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஜான் பிரௌனோடு ஸ்காட்லாந்துக்கு நடைப்பயணம் போனார். மழையிலும் சேற்றிலும் நடந்து தொண்டை புண்ணானது. திரும்பிப் போகும்படி டாக்டர் சொன்னார். ஆகஸ்டு மாதம் வீட்டுக்கு வந்தால், டாம் எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

பிறகு மூன்று மாதத்துக்கு மேல், ஒரே வீட்டில், ஒரே காற்றில் இருவரும் இருந்தார்கள். கஞ்சி கொடுப்பதும் மருந்து கொடுப்பதும் இரவில் விழித்திருப்பதும் ஜான்தான். தம்பியின் முகமும் குரலும் மனதை அழுத்தும்போது அதிலிருந்து தப்புவதற்காகவே எழுத உட்கார்ந்தார். அவருடைய பெரிய காவியம் ஒன்று அந்தப் படுக்கையருகே தொடங்கியதுதான்.

அதே சமயத்தில் ஒரு பத்திரிகை அவருடைய பாட்டைக் கேலி செய்தது. களிம்பும் மாத்திரையும் விற்கும் கடைக்கே திரும்பிப் போகச் சொன்னது!

டிசம்பர் 1-ந் தேதி அதிகாலை டாம் இறந்தான். அவனுக்கு 19 வயது நிறைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜான் நேராகப் பிரௌன் வீட்டுக்குப் போய் அவரை எழுப்பினார். இனி என்னோடு இருந்துவிடு என்றார் பிரௌன்.

சயரோகம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதை அன்று இங்கிலாந்து டாக்டர்கள் ஏற்கவில்லை. அது பரம்பரை நோய் என்று நினைத்தார்கள். அதற்குக் காரணமான கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்தது 1882-ம் ஆண்டில். மருந்துகள் வந்தது 1940-களில். 1956-ம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சிதான், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது. ஜான் விழித்திருந்த அறையில் இது ஒன்றுமே இல்லை.

ஒரு துளி ரத்தம்

1819-ம் ஆண்டு கீட்ஸ் தம்முடைய மிகச் சிறந்த பாட்டுகளை எழுதினார். கையில் காசு இல்லை. இந்தியாவுக்கு வரும் கப்பலில் டாக்டராகப் போகலாமா என்றுகூட யோசித்தார்.

1820-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி இரவு. கடுங்குளிரில் கோச்சு வண்டியின் வெளி ஆசனத்தில் பிரயாணம் செய்து வீடு வந்தார். படுத்ததும் இருமினார். துணியில் ஒரு துளி ரத்தம். பிரௌனிடம் மெழுகுவத்தியைக் கொண்டுவரச் சொல்லி அந்த நிறத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகிய நிறம். இது தமனி ரத்தம், இனி நான் பிழைக்க மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். படிக்காதவராக இருந்தால் இன்னும் சில மாதம் நம்பிக்கையோடு இருந்திருப்பார்.

நூலில் ஓடிய தீ

இத்தாலி நாட்டு வெயில் குணப்படுத்தும் என்று டாக்டர்கள் அனுப்பினார்கள். கூடவே போனவர் ஜோசப் செவர்ன் என்ற இளம் ஓவியர். அவருக்கு வைத்தியம் தெரியாது. ரோம் நகரில் சமைத்தார், துணி மாற்றினார், வாசித்துக் காட்டினார். டாக்டரோ நோயாளிக்கு ரத்தத்தை எடுத்தார், ஆகாரத்தைக் குறைத்தார். அந்தக் காலத்து வைத்தியம் அது!

இரவில் செவர்ன் களைத்துத் தூங்கிவிட்டால் மெழுகுவத்தி அணைந்துவிடும். கீட்ஸ் இருட்டில் விழித்துக்கொள்வார். அதனால் செவர்ன் ஒரு யோசனை செய்தார். எரியும் வத்தியின் அடியிலிருந்து அடுத்த வத்தியின் திரிக்கு ஒரு நூலைக் கட்டினார். முதல் வத்தி எரிந்து முடிந்ததும் தீ நூலில் ஓடி அடுத்ததைப் பற்றவைத்தது. விழித்துக் கிடந்த கீட்ஸ் அதைப் பார்த்தார். ஒரு குட்டித் தேவதை வந்து விளக்கேற்றிவிட்டது என்று சொல்லிச் செவர்னை எழுப்பினார்.

1821-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி இரவு, செவர்ன் தாங்கிப் பிடித்திருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. வயது 25. ரோம் நகரச் சட்டப்படி அந்த அறையிலிருந்த கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் எரித்தார்கள்.

செவர்னுக்கு அந்த நோய் வரவில்லை. 85 வயது வரை வாழ்ந்து 1879-ம் ஆண்டு ரோம் நகரிலேயே இறந்தார். இருவருடைய கல்லறைகளும் இன்று அருகருகே இருக்கின்றன. கீட்ஸின் கல்லில், அவர் விருப்பப்படி, பெயர் இல்லை. செவர்னின் கல்லில் இரண்டு பெயரும் இருக்கின்றன. கீட்ஸின் நண்பர், மரணப் படுக்கையில் உடனிருந்தவர் என்று அதில் வெட்டியிருக்கிறது.