மின்னல் வீரன் ஏன் தோற்றான்?



சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் நடந்த நாடகத்தை நீங்கள் மறந்திருக்கலாம். மறந்தாலும் குற்றமில்லை, உங்களுள் பெரும்பாலோர் அதற்கு வரவேயில்லை! இரண்டு திங்கள் ஒத்திகை பார்த்தோம். திரை விலகியபோது எங்களை வரவேற்றவை வெற்று நாற்காலிகளே. அதே மாலையில் விடுதிகளுக்கிடையே கிரிக்கெட் இறுதியாட்டம். மறுநாள் கூடிய குழுவில், "நடிப்பு சரியில்லை, அதனால்தான் நாடகம் தோற்றது" என்று எழுந்து முழங்கியவன் நான். தலைமை வேடம் தாங்கிய நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் சங்கத்தின் பக்கம் வரவில்லை.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்க நேர்ந்தது. பொழுது போக்குவதற்காக ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். பின்னர் அது தோற்ற கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, குழுவில் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து உறுத்தியது. ஆகவே அந்தத் தொடரின் கதையை இங்கே சொல்கிறேன்.

பிறப்பு

தொடரின் பெயர் 'தி ஃப்ளாஷ்'. நாம் மின்னல் வீரன் என்று அழைப்போம். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் இப்பெயருடைய முதல் வீரன் தோன்றியது 1940இல். தொடரின் நாயகனான பாரி ஆலன் தோன்றியது 1956இல். அவன் காவல் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் அறிவியலாளன். ஓரிரவு ஆய்வுக்கூடத்தில் மின்னல் பாய்கிறது. வேதிப்பொருள்கள் சிதறி அவனை நனைக்கின்றன. அது முதல் எவரும் காண முடியாத வேகத்தில் ஓடும் ஆற்றல் அவனுக்கு வாய்க்கிறது.

1989இல் 'பேட்மேன்' திரைப்படம் பெரும் வெற்றி பெற்றது. ஒரு கடையில் கூட்டம் சேர்ந்தால் பக்கத்திலேயே மறுகடை முளைப்பது உலக வழக்கம் அன்றோ? வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயாரிக்க, சி.பி.எஸ். ஒளிபரப்ப, 1990 செப்டம்பர் 20 அன்று மின்னல் வீரன் வீடுதோறும் வந்தான். டேனி பில்சன், பால் டி மியோ என்ற இருவர் தொடரை உருவாக்கினர். ஜான் வெஸ்லி ஷிப் நாயகனாக நடித்தார். பேட்மேன் படத்துக்கு இசையமைத்த டேனி எல்ஃப்மனே இதன் தொடக்க இசையையும் அமைத்தார். ஆகவே திறமைக்குக் குறைவில்லை. பணமும் தாராளமாகவே செலவிடப்பட்டது. ஆயினும் 1991 மே 18 அன்று 22ஆம் பகுதியோடு தொடர் முடிந்தது. எட்டே மாதம்! காற்றை முந்தியவன் ஓராண்டைத் தாண்டவில்லை. ஏன்?

உடையின் கொடுமை

முதல் தொல்லை உடை. சாதாரணத் துணியில் தைத்தால் அவன் வீரனாகத் தெரியாமல் வேடிக்கைக்காரனாகத் தெரிவான் என்று அஞ்சினார்கள். ஆகவே நுரை ரப்பரால் தசைகளைச் செதுக்கினாற்போலச் செய்து, சிவப்பு உடை ஒன்றை உருவாக்கினார்கள். இத்தகைய நான்கு உடைகளுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலர் ஆயிற்று என்பது அக்காலக் கணக்கு.

திரையில் அது கம்பீரமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவர் பாடுதான் பெரும்பாடு. ரப்பருக்குள் காற்றுப் புகாது, வியர்வை வெளியேறாது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடுவதை எண்ணிப் பாருங்கள். பந்தயக் கார் ஓட்டுவோர் அணிவது போன்ற, குளிர்நீர் ஓடும் உள்ளாடை ஒன்றை அணிவித்து ஷிப்பின் உடற்சூட்டைத் தணிக்க வேண்டியதாயிற்று. உலகிலேயே விரைவாக ஓடுபவனுக்கு, அவன் உடையே பெரிய தடை!

வேகத்தை விளைவிக்கும் விதம்

இரண்டாவது தொல்லை, அந்த வேகத்தைத் திரையில் காட்டுவது. இதைச் சற்று விளக்க வேண்டும். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. படம்பிடிக்கும்போது நொடிக்கு 12 படங்கள் மட்டும் எடுத்து, பிறகு 24ஆக ஓட்டினால், ஒரு நொடியில் நடந்தது அரை நொடியில் முடிந்துவிடும். நடப்பவன் ஓடுவான், ஓடுபவன் பறப்பான். பழைய ஊமைப்படங்களில் மனிதர்கள் குடுகுடுவென்று நடப்பது இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்படி ஓட்டினால் மின்னல் வீரனோடு தெருவில் போகும் கிழவியும் அல்லவா பறப்பாள்! வீரன் மட்டும் விரைய, மற்றவர் இயல்பாக நடக்க வேண்டுமானால், இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைக்க வேண்டும். அதன்மேல் அவன் பின்னே நீளும் சிவப்புக் கீற்றையும் சேர்க்க வேண்டும். ஒரு திரைப்படத்துக்கு இதைச் செய்ய மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். தொலைக்காட்சிக்கோ வாரந்தோறும் ஒரு பகுதி வேண்டும். போதாததற்குக் கதை பெரும்பாலும் இரவில் நடப்பது. இரவெல்லாம் கண்விழித்துப் படப்பிடிப்பு நடத்த வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 16 இலட்சம் டாலர் செலவாயிற்று என்பார்கள். அந்நாளில் அது பெருந்தொகை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் விளம்பர வருவாயில் வாழ்பவை. எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதைப் பொறுத்தே விளம்பரக் கட்டணம். மலிவான தொடரை ஓரளவு மக்கள் பார்த்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த தொடருக்கோ கூட்டம் அலைமோத வேண்டும்.

அட்டவணை என்னும் பகைவன்

கூட்டம் ஏன் வரவில்லை? இங்குதான் என் நெஞ்சு குறுகுறுத்தது.

மின்னல் வீரனுக்குத் தந்த நேரம் வியாழன் இரவு எட்டு மணி. அதே எட்டு மணிக்கு மற்றொரு நிலையத்தில் 'தி காஸ்பி ஷோ' நடந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகளாக நாட்டிலேயே மிகுதியான மக்கள் பார்த்த தொடர் அது. இது போதாதென்று, ஞாயிறன்று வந்துகொண்டிருந்த 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடரையும் ஃபாக்ஸ் நிலையத்தார் அவ்வாண்டு வியாழன் எட்டு மணிக்கே மாற்றினார்கள். பெரியவர்களை ஒன்று இழுத்தது. இளைஞர்களையும் சிறுவர்களையும் மற்றொன்று இழுத்தது. இடையில் அகப்பட்ட வீரன் என்ன செய்வான்?

நிலையத்தார் அஞ்சி, அவனை அரைமணி தள்ளி எட்டரைக்கு மாற்றினர். பிறகு சனிக்கிழமைக்கு மாற்றினர். இடையில் 1991 சனவரியில் வளைகுடாப் போர் மூண்டது. போர்ச் செய்திகள் வழக்கமான நிகழ்ச்சிகளைத் தள்ளிவிட்டன. நினைத்த நேரத்தில் கைப்பேசியில் பார்க்கும் வசதி அன்று ஏது? வீடியோ நாடாவில் பதிவு செய்துவைத்தால் உண்டு. இல்லையேல் போனது போனதுதான். இந்த வாரம் வருமா வராதா, வந்தால் எந்தக் கிழமை என்று அறியாத நேயர் எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

தொடரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதற்பகுதிகளில் வீரனோடு மோதியவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குற்றவாளிகளே. அவர்களைப் பிடிக்க மின்னல் எதற்கு? ஈயை ஓட்ட யானையைக் கட்டி வந்தது போன்ற நிலை அது. சித்திரக் கதையின் புகழ்பெற்ற பகைவர்கள் பிற்பாதியில்தான் வந்தார்கள். 1991 பிப்ரவரியில் மார்க் ஹாமில், 'ட்ரிக்ஸ்டர்' என்னும் கோமாளிக் கொடியவனாக வந்து கலக்கினார். இறுதிப் பகுதியிலும் அவரே பகைவர். தொடர் தன் நடையைக் கண்டுகொண்டபோது, அதைக் காண வேண்டியவர்கள் வீட்டில் வேறு நிலையத்தைத் திருப்பியிருந்தார்கள்.

பின்னர் நடந்தது

கதை இத்தோடு முடியவில்லை. 2014இல் மின்னல் வீரன் புதிய தொடராக, புதிய நடிகரோடு வந்தான். 2023 வரை ஒன்பது பருவங்கள் ஓடினான். அத்தொடரில் நாயகனின் தந்தையாக நடித்தவர் யார் தெரியுமா? பழைய மின்னல் வீரன் ஜான் வெஸ்லி ஷிப்! பழைய தொடரின் நாயகி அமாண்டா பேஸ் அதே பாத்திரத்தில் வந்தார். மார்க் ஹாமிலும் அதே கோமாளியாக வந்தார். 2018 டிசம்பரில் ஷிப் மீண்டும் 1990இன் வீரனாகவே தோன்றினார். மறு ஆண்டு டிசம்பரில், அந்தப் பழைய வீரன் மற்ற உலகங்களைக் காக்கத் தன்னுயிரை ஈந்து மறைவதாகக் காட்டினார்கள். எட்டு மாதத்தில் நிறுத்தப்பட்டவனுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வீர வணக்கம்!

உழைத்தவர்களை யாரும் இழித்துத் தள்ளவில்லை. அழைத்து அமர்த்திப் பெருமை செய்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழுவிலிருந்து எழுந்து போன என் நண்பரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

நம் நாடகத்துக்கு நாள் குறித்த மூவருள் நானும் ஒருவன். இறுதியாட்டம் அன்றுதான் என்ற அறிவிப்பு உணவுக்கூடத்தின் சுவரிலேயே ஒட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படிக்காத என் பிழையை, நடித்த அவர் தலையில் ஏற்றினேன்.

நண்பரே, இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் என்று நம்புகிறேன். நான் சொன்னது தவறு. மன்னித்து மீண்டும் வாருங்கள். நம் நாடகத்தின் உடைகள் சங்க அறையின் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வாளும் இருக்கிறது. அதே நாடகத்தை இவ்வாண்டும் போடுவோம். இம்முறை உணவுக்கூடத்துச் சுவரைப் படித்துவிட்டு நாள் குறிக்கிறேன்.