முள் குத்திய மறுநாள்

ரோஜாப் பூப் பறிக்கப் போய் விரலில் முள் ஏற்றிக்கொள்ளாதவர் நம்மில் யார்? முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோகிறீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் விரல் சிவந்து வீங்கி, 'விண் விண்' என்று தெறிக்கிறது. அப்புறம் சீழ் வேறு! பாவம், விரலைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உறங்கிய நேரத்தில் அங்கே ஒரு யுத்தமே நடந்திருக்கிறது.

முள் தனியாக உள்ளே போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களையும் அழைத்துக்கொண்டு போகிறது. அவற்றில் சில, வசதியான இடம் கிடைத்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகக் கூடியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடுக்க ஆளில்லாவிட்டால் ஒன்றே ஒன்று, 8 மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும்! அப்படியிருந்தும் விரல் வெறும் வீக்கத்தோடு தப்பிவிடுகிறதே, எப்படி?

இதற்கு விடை தேடியவர் டாக்டர் அல்ல, பிராணிகளை ஆராய்ந்தவர். எலீ மெச்னிகாவ் என்று பெயர். ஒடெஸ்ஸா சர்வகலாசாலைப் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு, 1882-ல் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் எல்லோரும் ஸர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். (அவரும் போயிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்!)

நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்குள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்து திரிவதைக் கண்டார். இவை காவல்காரர்களாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். தோட்டத்திலிருந்து ரோஜா முள் கொண்டுவந்து குஞ்சின் உடம்பில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், உயிரணுக்கள் முள்ளை வளைத்து மொய்த்துக்கொண்டிருந்தன!

நம் விரலில் நடப்பதும் இதுதான். ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் சிவப்பும் சூடும். வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்கு வழியே நழுவி வந்து, பாக்டீரியாக்களை அப்படியே விழுங்கிவிடுகின்றன. விழுங்கியவையும் மடிகின்றன. நாம் அருவருக்கிறோமே, அந்தச் சீழில் பெரும் பகுதி இந்த வீரர்களின் பிணங்கள்தான்.

விழுங்கி மட்டுமே ஜயிக்க முடியாத எதிரியும் உண்டு. மண்ணிலிருந்து முள்ளோடும் ஆணியோடும் வரும் ரண ஜன்னிக் கிருமி, காயத்தில் இருந்தபடியே விஷத்தைக் கக்கும். அது நரம்புகளைத் தாக்கி, உடம்பை வில்லாக வளைத்துவிடும். இந்த விஷத்தை முறிக்கும் சரக்கு ரத்தத்தின் நீரிலேயே உண்டாக முடியும் என்று 1890-ல் பெர்லினில் பேரிங்கும் ஜப்பானியரான கிடஸாட்டோவும் காட்டினார்கள். இன்று அதை எதிர்ப்பொருள் என்கிறோம்.

உடனே விஞ்ஞானிகளுக்குள் சண்டை மூண்டது. நம்மைக் காப்பது அணுவா, நீரா? வருஷக் கணக்கில் வாதாடினார்கள். 1908-ல் நோபல் பரிசை அணுக் கட்சி மெச்னிகாவுக்கும் நீர்க் கட்சி பால் எர்லிக்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை வெள்ளணு இன்னும் சுலபமாக விழுங்குகிறது, சட்னி தொட்ட இட்லி மாதிரி!

ரண ஜன்னியில் ஒரு விபரீதம் உண்டு. ஆளைக் கொல்லப் போதுமான விஷம், உடம்புக்குப் பாடம் கற்பிக்கப் போதாது. வந்து பிழைத்தவருக்குக்கூட அது மறுபடி வரலாம். ஆகையால்தான், வீரியம் அடக்கிய விஷத்தை ஊசி மூலம் செலுத்தி, முன்கூட்டியே உடம்பைப் பழக்குகிறார்கள். அதுவும் நாளடைவில் மறந்துபோகும். 10 வருஷத்துக்கு ஒரு முறை ஞாபகப்படுத்த வேண்டும்.

நீங்கள் கடைசியாக அந்த ஊசி போட்டுக்கொண்டது எந்த வருஷம்?