பண்டிதர் போட்ட கணக்கும் கணிப்பொறி பாடும் சுருதியும்

சேத்தியாத்தோப்பு வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கும்பகோணத்தைக் கடந்து தஞ்சாவூரை அடைகிறது. அச்சாலையின் இம்முனையில் சென்ற டிசம்பர் மாதம் எழுந்த ஒரு வழக்குக்கு, மறுமுனையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வழக்கையும் அந்தக் கணக்கையும் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. ஒரு தாளும் எழுதுகோலும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணிப்பொறி இருந்தால் இன்னும் நல்லது.

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இன்று சென்னையில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்தால் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பார். அக்குழுவில் வயலின் வாசிப்பவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். ஒத்திகையின்போது அவர் வில்லை நிறுத்திவிட்டு, "தம்பி, உன் பெட்டி காந்தாரத்தைத் தூக்கிப் பாடுது" என்றாராம். "தொழிற்சாலையிலேயே சுருதி சேர்த்து அனுப்பியது, ஐயா. அது தவறாது" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். பெரியவர் மேலே ஒன்றும் பேசவில்லை. ஆனால் வில்லையும் எடுக்கவில்லை.

மறுநாள் மாணவர் என் வீட்டுக்கு வந்தார். "சார், யார் சொல்வது சரி? காதா, கருவியா?" என்று கேட்டார். இரண்டுமே சரிதான் என்றேன். அது எப்படி முடியும் என்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

இயற்கை தரும் சுரங்கள்

ஒரு தந்தி அதிரும்போது அது ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை என்பதைச் சுரமானியை வைத்துச் சோதனை செய்த மாணவர்கள் அறிவார்கள். அடிப்படை அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ் எனில், 240, 360, 480, 600 என அதன் மடங்குகளும் உடன் எழுகின்றன. தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேளுங்கள். மீட்டாத காந்தாரம் ஒன்று மெல்ல ஒலிக்கும். அந்த ஐந்தாம் மடங்கைத்தான் இசைவாணர்கள் தானாகத் தோன்றும் காந்தாரம் என்கிறார்கள்.

நம் 'ச' 240 ஹெர்ட்ஸ் என வைத்துக்கொள்வோம். மேல் 'ச' அதன் இரு மடங்கு, அதாவது 480. பழந்தமிழர் இளி என்று குறித்த பஞ்சமம் ஒன்றரை மடங்கு, அதாவது 360. தம்பூரா காட்டும் அந்தர காந்தாரம் ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. வயலினில் கட்டைகள் இல்லை. எனவே பெரியவரின் விரல் தம்பூராவின் 300ஐத் தேடிச் சென்று நின்றது.

கீபோர்டின் கதை வேறு. அதில் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாக வெட்டியிருக்கிறார்கள். இங்கே சமம் என்பது கூட்டலில் அன்று, பெருக்கலில். ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டையைப் போல் 1.05946 மடங்கு. இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2 வரும். காந்தாரம் நான்காம் படியில் இருக்கிறது. கணக்கிட்டால் 302.38 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. வயலின் 300, கீபோர்டு 302.38. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டுக்கும் சற்று மேலாக விம்மல்கள் எழும். பெரியவர் கேட்டது அந்த விம்மலையே. கருவி பழுதாகவில்லை. அதைச் செய்தவர்கள் அவ்வாறே செய்திருக்கிறார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள்?

'ச'விலிருந்து பஞ்சமத்துக்கும், அந்தப் பஞ்சமத்தின் பஞ்சமத்துக்கும் என ஒன்றரை மடங்காகவே ஏறிக்கொண்டு போனால் பன்னிரண்டாவது முறை மீண்டும் 'ச'வுக்கே வரவேண்டும். ஆனால் ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் 128தான். வட்டம் மூடவில்லை!

இது எந்நாளும் மூடாது. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் விடை ஒற்றைப்படை எண்ணே. இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படை எண்ணே. ஒற்றையும் இரட்டையும் ஒருநாளும் ஒன்றாகா. உலகில் இசைக்கு இலக்கணம் வகுத்தோர் அனைவரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டவர்களே.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவர்

அவர்களுள் ஒருவர் மு. ஆபிரகாம் பண்டிதர். 1859ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தஞ்சாவூரில் குடியேறி, சித்த மருத்துவத்தில் பெயரும் பொருளும் ஈட்டியவர். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, இசைவாணர்களைத் தம் செலவில் அழைத்து மாநாடுகள் நடத்தினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டு, 1919இல் மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி இதுதான்: ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? பரதரின் நாட்டிய சாஸ்திரமும் சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரமும் 22 என்கின்றன. பண்டிதர் 24 என்றார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்து, 12 பங்கு கொண்ட ஆயப்பாலை, 24 கொண்ட வட்டப்பாலை, 48 கொண்ட திரிகோணப்பாலை, 96 கொண்ட சதுரப்பாலை என நான்கு பகுப்புகளை விளக்கினார். எல்லாம் சம பங்குகளே. வெறும் சொல்லால் வாதிடாமல், அதிர்வெண்களையும் தந்தி நீளங்களையும் அட்டவணை அட்டவணையாக அச்சிட்டார்.

இந்நூலை என் மாணவரிடம் காட்டினேன். இணையத்திலும் அது படிக்கக் கிடைக்கிறது. இரவெல்லாம் அட்டவணைகளைப் புரட்டிய அவர், "இத்தனையும் கணிப்பொறி இல்லாமலா, சார்?" என்று வியந்தார். பிறகு தமக்குப் பிடித்த கருவிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான்கு கட்டளைகள்

அக்கருவிகள் எவை? முதலாவது, பைத்தான். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட நிரல்மொழி இது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் மொழியும் உண்டு. அதில் கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கும். இரண்டாவது, சோனிக் பை. கேம்பிரிட்ஜில் சாம் ஏரன் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. எண்ணைத் தட்டினால் அதைச் சுரமாகப் பாடும். மூன்றாவது, ஆடாசிட்டி. ஒலியைப் பதிவு செய்து அதன் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும். இவை அனைத்தும் விலையின்றிக் கிடைப்பவை.

எந்த மொழியில் எழுதினாலும் நிரலின் போக்கு இதுவே:

1. 'ச' என்பதற்கு 240 என்னும் மதிப்பைக் கொடு.
2. பங்குகளின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கு.
3. இரண்டை அத்தனையாம் படிமூலம் எடு. அதுவே ஒரு படியின் அளவு.
4. 240ஐ அந்த அளவால் திரும்பத் திரும்பப் பெருக்கி, 480 வரும் வரை ஒவ்வொரு விடையையும் அச்சிடு.

பண்டிதர் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கு, கண் இமைக்கும் நேரத்தில் திரையில் வந்து நின்றது. பங்கு 24 எனில் முதற்படி 247.03, அடுத்தது 254.27 என விடைகள் வரும். இனி, 300க்கும் 360க்கும் மிக அருகில் வரும் விடைகளை மட்டும் எடுத்து ஒப்பிடுவோம்.

பங்கு 24: காந்தாரம் 302.38, பஞ்சமம் 359.59.
பங்கு 22: காந்தாரம் 299.22, பஞ்சமம் 361.49.

என்ன காண்கிறீர்கள்? பஞ்சமத்தில் பண்டிதர் வெல்கிறார். தம்பூராவோடு சேர்த்து ஒலித்தால், அவருடைய பஞ்சமம் ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒரு முறை மட்டுமே விம்மும். 22 சம பங்கின் பஞ்சமமோ இரண்டு வினாடிக்கு மூன்று முறை விம்மும். பஞ்சமமே சேராத பகுப்பு எதற்கு ஆகும்? 22 சம பங்குகளுக்கு எதிரான வலுவான வாதம் இது. ஆனால் காந்தாரத்தில் முடிவு தலைகீழாகிறது. அங்கே 22 நெருங்கி நிற்கிறது, 24 விலகி நிற்கிறது.

22 சுருதி என்போர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அவர்களில் பலர் அந்த 22ம் சம அளவின என்று சொல்வதில்லை. சிறியதும் பெரியதுமான தகவுகளாகவே அவற்றைக் கணிக்கிறார்கள். அப்படிக் கொண்டால் 300ம் 360ம் பிசகின்றிக் கிடைக்கும். ஆனால் சம அளவு போய்விடும்.

மாணவர் அத்துடன் நிற்கவில்லை. பண்டிதரின் மற்றப் பாலைகளையும் நிரலுக்குக் கொடுத்தார். 48 பங்கில் காந்தாரம் 298.05. பெரிய முன்னேற்றம் இல்லை. 96 பங்கில் 31ஆம் படி 300.21 எனக் காட்டியது! பஞ்சமம் மாறாமல் 359.59. சதுரப்பாலையின் சிறு படிகளுக்கு நடுவே, வயலின் பெரியவரின் காந்தாரம் ஏறத்தாழ அப்படியே உட்கார்ந்திருந்தது. இன்னொரு விந்தை, பங்கு 53. அதில் காந்தாரம் 299.76, பஞ்சமம் 359.99. இந்த 53இன் சிறப்பைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே சீன அறிஞர் ஜிங் ஃபாங் கண்டிருந்தார்.

காதால் கேட்டுப் பாருங்கள்

எண்களைக் கண்டால் போதாது, கேட்க வேண்டும். சோனிக் பையில் 60 என்று கட்டளையிட்டால் பியானோவின் நடு 'சி' ஒலிக்கும். அதை 'ச' என்று கொள்ளுங்கள். கீபோர்டின் காந்தாரம் 64. தம்பூராவின் காந்தாரம் 63.86. பண்டிதரின் வட்டப்பாலையில் ஒரு படி ஏற வேண்டுமானால் 60.5 என்று கொடுத்தால் போதும். இரண்டு காந்தாரங்களையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், விம்மல் கடிகாரம்போல் துடிப்பதைக் கேட்பீர்கள்.

ஒன்றை மறக்கலாகாது. நம் பாடகர்கள் ஒரு சுரத்தைக் குச்சி நட்டாற்போல் நிறுத்திப் பாடுவது அரிது. கமகத்தில் சுரம் அசைகிறது, வழுக்குகிறது. ஆடாசிட்டியில் ஒரு கீர்த்தனையைப் பதிந்து பார்த்தால் அந்த அசைவு தெரியும். எனவே, ஓர் எண்ணைக் காட்டி "இதுவே இசை" என்று முடிவுகட்டும் உரிமை கணிப்பொறிக்கு இல்லை. இரு சுரங்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை மட்டும் அது சொல்லும்.

இசையும் நிரலும் பக்தியும் ஒருவரிடமே குடிகொள்வது புதுமையன்று. அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனுத், லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். தம் புத்தகத்தின் அச்சு மனத்துக்கு நிறைவளிக்காததால், 1977இல் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கி, உலகுக்கு விலையின்றித் தந்தார். வீட்டில் குழாய் ஆர்கன் அமைத்துக்கொண்டவர். விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தைக் கொண்டு அவர் ஆர்கனுக்கு இயற்றிய இசை, 2018இல் சுவீடனில் அரங்கேறியது. தஞ்சைப் பண்டிதர் கையில் கணிப்பொறி இருந்திருந்தால் அவரும் விட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

வழக்கு எப்படி முடிந்தது?

கீபோர்டில் தனித்தனிக் கட்டையின் சுருதியைச் சிறிது ஏற்றவும் இறக்கவும் வசதி இருந்தது. மாணவர் காந்தாரத்தைக் கணக்குப்படி இறக்கினார். அடுத்த ஒத்திகையில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனை முழுவதும் வாசித்தாராம். முடிந்ததும், "இப்போ சேருது, தம்பி" என்றாராம்.

ஆனால் அடுத்த பாட்டுக்குப் பாடகி சுருதியை ஒரு முழுச் சுரம் உயர்த்தினார். முன்பு ரிஷபமாக இருந்த கட்டை இப்போது 'ச' ஆயிற்று. இறக்கி வைத்த காந்தாரக் கட்டை இப்போது ரிஷபம். அதன் இயற்கை அளவு 303.06. கட்டையோ 300இல் நிற்கிறது. வினாடிக்கு மூன்று விம்மல்! பழைய 302.38 இருந்திருந்தால் வினாடிக்கு ஒரு விம்மல்கூட வந்திராது. கீபோர்டு செய்தவர்கள் சம பங்கைத் தேர்ந்தது ஏன் என்பது மாணவருக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று. ஒரு சுருதியில் பெருந்தவறு வராமலிருக்க, எல்லாச் சுருதிகளிலும் சிறு தவறுகளைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

காதும் சரி, கருவியும் சரி என்று நான் சொன்னதன் பொருள் இதுவே. இயற்கை தரும் தகவுகளும் சம பங்கும் ஒருசேரக் கிட்டா. எதை விட்டு எதைக் கொள்வது என்பது பாடுபவர் செய்யும் தேர்வு. அத்தேர்வைக் கணக்கோடு செய்யவேண்டும் என்று காட்டியதே பண்டிதரின் பெருமை. அவர் சொன்ன 24ஐ நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மேலே கண்ட நான்கு கட்டளைகளை ஒருமுறையேனும் எழுதிப் பார்த்து, விம்மலைக் காதால் கேட்டபின் சொல்லுங்கள். உங்கள் ஊர் நாகசுரக்காரரின் காந்தாரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அளந்து பாருங்கள். அதை இன்னும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.