மூளைக்காய்ச்சல் சந்தேகமா? ரத்தப் பரிசோதனை எதுவரை உதவும்

கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. கழுத்தைக் குனிய முடியவில்லை. பேச்சு குழறுகிறது, அல்லது வலிப்பு வந்துவிட்டது. இப்படி வருபவருக்கு மூளையில் தொற்று இருக்குமோ என்று சந்தேகித்தால், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார் மருத்துவர். உடனே வீட்டார் பதறுவார்கள்: "முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடுமாமே, ரத்தத்திலேயே பார்த்துவிடக் கூடாதா?" ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த பிறகு வரும் கீழ்முதுகில்தான். அந்தப் பயத்தால் மறுக்க வேண்டாம்.

ரத்தம் அந்த நீருக்கு மாற்றாகாது. ஆனால் ரத்தம் இல்லாமல் அந்த நீரைச் சரியாகப் படிக்கவும் முடியாது. முதுகு நீரில் சர்க்கரை 50 என்று வருகிறது. அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரை 80 என்றால் கவலையில்லை. 300 என்றால் அதே 50 மிகக் குறைவு. பாக்டீரியாவோ காசநோயோ இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊரில் இந்த ஒப்பீட்டைத் தவறவிடவே கூடாது. தட்டணுக்களும் ரத்தம் உறையும் திறனும் போதுமா என்பதும், ஊசி போடலாமா என்று முடிவு செய்ய உதவும். உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அதிகமானால் பாக்டீரியா மீது சந்தேகம் கூடும். ஆனால் அது இயல்பாக இருப்பதை மட்டும் நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ரத்தம் பெரிதும் கைகொடுப்பது ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலில். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் மழைக்காலம்தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் மடிந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மீதே பழி விழுந்தது. பிறகு ரத்தத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்த்தபோது, பலருக்கு இருந்தது உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குப் பலிக்காது. விலை மலிவான டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பலிக்கும். தமிழ்நாட்டிலும் இந்தக் காய்ச்சல் உண்டு. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில நாட்களில் ஐ.ஜி.எம். 'இல்லை' என்று வரலாம். அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சரை முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுப்பது நல்லது. அதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. பாக்டீரியா தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர் சம்பந்தப்பட்டது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்திருந்தால், கிருமி இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம்.