ஆர்டிஎக்ஸ் ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கு?

அட்மிஷன் சீசன் வந்தாலே டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான் சுத்தும். "அண்ணா, 70 ஆயிரம் பட்ஜெட். கேமும் ஓடணும், டிசைனும் பண்ணணும். எந்த லேப்டாப் வாங்கலாம்?" மாடல் பேரைச் சொன்னா ஆறு மாசத்துல அந்த மாடலே கடையில இருக்காது. அதனால எந்த மாடலா இருந்தாலும் எதைக் கேட்கணும்னு மட்டும் இங்கே எழுதறேன். வீட்ல லோன் போட்டோ, நகையை வெச்சோ எடுத்துத் தர்ற காசு. நாலு வருஷம் தாங்கணும்.

முதல்ல, உங்களுக்கு உண்மையிலேயே தனி கிராபிக்ஸ் கார்டு வேணுமா? கோடிங், ஃபிக்மா, ஆட்டோகேட்ல 2டி டிராயிங், அப்பப்போ வாலரன்ட். இவ்வளவுதான் வேலைன்னா இப்ப வர்ற பிராசஸரோட சேர்ந்தே வர்ற கிராபிக்ஸ் போதும். 2025-ல் 20 லட்சம் லேப்டாப்புக்கு எல்காட் டெண்டர் விட்டதே, அதுல கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அந்த அரசு லேப்டாப் கையில இருந்தா முதல் வருஷத்தை அதுலயே ஓட்டிட்டு, என்ன தேவைன்னு தெரிஞ்ச பிறகு வாங்கறதுகூட நல்ல முடிவுதான். மெக்கானிக்கல், சிவில் பசங்க மேக்புக் பக்கம் போகும்முன் ஒரு விஷயம்: சாலிட்வொர்க்ஸ், ரெவிட் ரெண்டுமே விண்டோஸுக்கு எழுதப்பட்டவை. அதோட, சாலிட்வொர்க்ஸ்ல ஒரு பார்ட் வரையும்போது உழைக்கிறது பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான். கிராபிக்ஸ் கார்டு கை கொடுக்கிறது ரெண்டரிங் பண்ணும்போது.

தனி கார்டு வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. இப்பதான் ஸ்டிக்கர் விளையாட்டு. 'ஆர்டிஎக்ஸ் 4060'ன்னு ஒட்டியிருக்கும் ரெண்டு லேப்டாப் ஒண்ணு கிடையாது. அந்த சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம்ங்கறதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு பண்ணும். என்விடியா அனுமதிக்கிற அளவு 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை. 4050-க்கும் அதே அளவுதான். ஒல்லியா, அழகா இருக்கிற ஒரு லேப்டாப்பில் 45 வாட்டில் மூச்சு வாங்கற 4060-ஐ, தடியான லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4050 பல கேம்களில் தோற்கடிச்சிடும். விலை மட்டும் 4060 விலை! கடையில் டெமோ பீஸ் இருந்தா என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பாருங்க. மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொன்னா சிரிச்சிட்டு அந்த வரியைக் காட்டுங்க.

அடுத்து ஸ்கிரீன். டிசைன் பண்றவங்க ஏமாறுறது பெரும்பாலும் இங்கேதான். ஸ்பெக் ஷீட்டில் '45% என்டிஎஸ்சி'ன்னு இருந்தா, வெப்சைட்டும் போஸ்டரும் பயன்படுத்துற எஸ்ஆர்ஜிபி நிறங்களில் கிட்டத்தட்ட மூணில் ரெண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். சிம்போசியம் போஸ்டரில் சிவப்பு டல்லா தெரியுதேன்னு நீங்க ஏத்திக்கிட்டே போவீங்க. பிரிண்ட் வந்ததும் பார்த்தா திருவிழா பேனர் மாதிரி அடிக்கும். '100% எஸ்ஆர்ஜிபி'ன்னு எழுதியிருக்கணும். 144 ஹெர்ட்ஸா 165 ஹெர்ட்ஸாங்கறது அதுக்கு அப்புறம்தான்.

ரேம் 16 ஜிபி. ஒரே ஸ்டிக்கா, ரெண்டு எட்டான்னு கேளுங்க. ரெண்டா இருந்தா வேகம் கூடும், முக்கியமா தனி கார்டு இல்லாத லேப்டாப்பில். போர்டோட சால்டர் பண்ணின ரேம்னா பின்னாடி ஏத்தவே முடியாது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். மாமல்லபுரம் பஞ்ச ரதத்தில் ஒரு ரதத்தை போனிலேயே சுத்திச் சுத்தி 150, 200 போட்டோ எடுத்து 3டி மாடலா மாத்தணும்னு வைங்க. நல்ல மினி ப்ராஜெக்ட் இது. (டிரைபாட் வேணும்னா தொல்லியல் துறை அனுமதி வாங்கணும், கையில பிடிச்சே எடுங்க.) மெஷ்ரூம்னு ஒரு இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். ஆனா அதில் ஆழத்தைக் கணக்கிடும் கட்டத்துக்கு என்விடியாவின் கூடா வேணும். ஏஎம்டி கார்டு கேமில் பிரமாதமா இருந்தாலும் இங்கே கை விரிச்சிடும். டிசைன் வேலைக்கு என்விடியான்னு சொல்றதுக்கு இந்த மாதிரி மென்பொருள்கள்தான் காரணம்.

இந்த மாதிரி வேலை மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். அங்கேதான் நம்ம வெயில் உள்ளே வருது. யூடியூப் ரிவ்யூ பெரும்பாலும் ஏசி ரூமில் எடுத்தது. விசிறி உள்ளே இழுக்கறது வெளிக்காற்றைத்தான். அறை 10 டிகிரி சூடானா சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடாகும். ஒரு எல்லை தாண்டினதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். செங்கல்பட்டில் மே மாசம் ஹாஸ்டல் ரூமில் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து ரெண்டர் போட்டா, ரிவ்யூவில் பார்த்த நம்பர் வராது. அதனால 'ஸ்லிம்' ஆசையை விட்டுட்டு, பின்பக்கம் பெரிய காற்றுத் துவாரம் இருக்கற மாடலைப் பாருங்க. இதுக்கு விலையும் உண்டு: 2 கிலோவுக்கு மேல வெயிட், தனியா அரை கிலோ தாண்டுற அடாப்டர். பீச் ஸ்டேஷனில் இருந்து தினமும் லோக்கல் ட்ரெயினில் நின்னுக்கிட்டே பொத்தேரி வர்றவங்க தோளைக் கேட்டு முடிவெடுக்கணும்.

ஈசிஆர் பக்கம் தங்கியிருக்கறவங்களுக்கு வெயிலை விட உப்புதான் எதிரி. கடல் காற்றில் வர்ற நுண்ணிய உப்புத் துகளை விசிறி உள்ளே இழுத்துப் போர்டு மேல படிய வைக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சோடியம் குளோரைடு தானே தண்ணியை உறிஞ்சிக் கரைசலாயிடும். மழை நாளில் சமையலறை உப்பு ஜாடி கசியுதே, அதேதான். கோவளம், மாமல்லபுரம் ஓரம் அந்த ஈரப்பதம் ராத்திரியில் சாதாரணம். கரைசலான உப்பு மின்சாரம் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். திரவத்தால் வந்த சேதத்தைச் சாதாரண வாரன்டி பெரும்பாலும் ஏத்துக்காது. கடல் பக்கம் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட விடாதீங்க. வேலை முடிஞ்சதும் பையில், கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட். ஆறு மாசத்துக்கு ஒருமுறை விசிறியைச் சுத்தம் பண்ணக் கொடுங்க. ஏசி பஸ்ஸில் இருந்து இறங்கினதும் கண்ணாடி பூத்துப்போகுமே, ஏசி லேபில் குளிர்ந்த லேப்டாப்புக்கும் வெளியே அதுதான் நடக்கும். பையை மூடியே வெச்சு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனான்னு சண்டை வேண்டாம். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர். அந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்குன்னு பாருங்க. பழைய தேதி காட்டினா அந்த பீஸ் வேண்டாம். சர்வீஸ் ஆள் ஹாஸ்டலுக்கே வருவாரா, நாமதான் சென்னைக்குத் தூக்கிட்டுப் போகணுமான்னும் கேட்டுக்கங்க. செமஸ்டர் நடுவுல ரெண்டு வாரம் லேப்டாப் இல்லாம இருக்கறது சாதாரண விஷயம் இல்ல.

வாங்கின முதல் நாளே, ரிட்டர்ன் காலம் முடியறதுக்குள்ள, ஏசி இல்லாத ரூமில் சார்ஜர் போட்டு அரை மணி நேரம் ஒரு கனமான கேமோ பிளெண்டர் ரெண்டரோ ஓட விடுங்க. பக்கத்துல எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வெச்சு, கார்டு வாங்குற வாட் எவ்வளவுன்னு முதல் நிமிஷத்திலும் முப்பதாவது நிமிஷத்திலும் எழுதிக்கங்க. 95-ல் ஆரம்பிச்சு 60-ல் நின்னா அந்த லேப்டாப்பைத் திருப்பி அனுப்பிடுங்க.