இன்ஜினை இறக்கும் முன்

எங்கள் குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு வண்டி. பதினான்கு வருடம் ஓடிய பழைய டீசல் பிக்கப். தாளவாடி மலையில் எங்கள் காடுகளில் விளையும் பீன்ஸ், முட்டைக்கோசு, பீட்ரூட், ராகி எல்லாம் இதில்தான் திம்பம் வழியாக இறங்கி சத்திக்கும் ஈரோட்டுக்கும் போகும். திரும்பி வரும்போது கடலைப் பிண்ணாக்கும் காலி கிரேட்டும் ஏற்றி வருவோம். பண்ணாரியில் இருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் என்ன கோளாறு ஒளிந்திருந்தாலும் அந்த ஏற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

போன தை மாதம் காட்டிக்கொடுத்தது. ஏழெட்டு வளைவு வரை ஒழுங்காக ஏறும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை செத்துப்போகும். ஆக்ஸிலேட்டரை தரையோடு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. ஓரமாக நிறுத்தி பத்து நிமிடம் விட்டால் மறுபடி கிளம்பும், நாலு வளைவு போனதும் அதே கதை. பின்னால் வருகிற பஸ்காரர் திட்டுவது தனிக் கதை.

ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டிக்கு வயசாயிருச்சுங்க. கம்ப்ரஷன் போயிருச்சு. இன்ஜினை இறக்கி போர் பண்ணோணும்" என்றார்கள். எண்பதாயிரம் ஆகுமாம். குழுக் கூட்டத்தில் பாதிப் பேர் வித்துரலாம் என்றார்கள். வித்தால் பழையபடி மண்டிக்காரர் வண்டிதான். மருந்தடிச்ச காயும் நம்ம காயும் ஒன்றாகக் கலந்து போகும். வாடிக்கையாளரிடம் நேரில் கொடுத்த ஏழு வருடப் பழக்கம் அதோடு முடியும். எண்பதாயிரத்துக்கும் வழியில்லை, விற்கவும் மனசில்லை.

கடைசியாக இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று சத்தியில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனோம். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"இழுவை கொறையறப்ப இன்ஜின் சத்தம் எகிறுதுங்களா, அமுங்குதுங்களா?"

"அமுங்குதுங்ண்ணா."

"பின்னாடி புகை?"

யோசித்துப் பார்த்தேன். "புகையே இல்லீங்களே."

"அப்ப இன்ஜினுக்கு சோறு பத்தலை. மூச்சு பத்தலைன்னா கரும்புகை தள்ளியிருக்குமே."

இந்த இரண்டு கேள்வியும் எங்களுக்கு எண்பதாயிரத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்தன. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி கிளட்ச்சைப் பிரித்துவிடும். இன்ஜின் சத்தம் எகிறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் இன்ஜினில் சக்தி இருக்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் பிளேட் நழுவுகிறது. கருகின வாடையும் வரும். சந்தேகம் இருந்தால் சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாகப் போட்டு, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் பொட்டென்று நின்றால் கிளட்ச் நல்லது. நிற்காமல் ஓடினால் பிளேட் முடிந்தது. ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும்.

சத்தம் அமுங்கினால் இன்ஜினிலேயே சக்தி இல்லை, அல்லது ஏதோ பிடித்து இழுக்கிறது. பிடித்து இழுப்பது பெரும்பாலும் பிரேக். சமதளத்தில் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் சொய்ங் என்றால் குற்றவாளி அங்கே இருக்கிறான்.

இரண்டாவது கேள்வி புகை. பழைய டீசல் இன்ஜின் காற்றை அளந்து குடிப்பதில்லை, முடிந்த மட்டும் இழுக்கும். நாம் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர் டீசலை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, டர்போ இருக்கிற வண்டியில் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலோ, டீசல் வருகிறது, எரியக் காற்று இல்லை. கரும்புகை கக்கும். நாசில் சொட்டினாலும் கரும்புகைதான். டீசலே குறைவாக வந்தால் வந்ததெல்லாம் சுத்தமாக எரிந்துவிடும். புகை இருக்காது, இழுவையும் இருக்காது.

இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைத் தூக்குகிறவரை நாம் கேலி பேசுகிறோம். வேரில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாயா என்று கேட்கிறோம். வண்டி விஷயத்தில் நாங்களே அந்த மூட்டையைத் தூக்க இருந்தோம்.

கம்ப்ரஷன் போனதா என்பதற்கும் ஒரு சோதனை செய்து காட்டினார். இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, திருப்பி அதே வாயின்மேல் சும்மா வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் கீழிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கி எறியும். எங்களுடையது லேசாக நடுங்கியதோடு சரி. "இதுக்கா போர் பண்ணச் சொன்னாங்க?" என்று சிரித்தார்.

அடுத்தது கேன் சோதனை. ஐந்து லிட்டர் சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து, பின்னால் லோடு தளத்தில் அசையாமல் கட்டினார். டேங்கில் இருந்து டீசல் ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து புது ஹோஸ் போட்டார். ரிட்டர்ன் ஹோஸையும் மறக்காமல் அதே கேனுக்குள் விட்டார். இல்லையென்றால் கேன் டீசல் டேங்குக்குப் போய்ச் சீக்கிரம் காலியாகிவிடும். கை பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டு, அதே லோடோடு போகச் சொன்னார். பீடி பத்தவைக்கும் ஆளை மட்டும் ஏற்றாதே என்றார்.

27 வளைவும் நிற்காமல் ஏறினேன்.

ஆக இன்ஜின், பம்ப், நாசில் மூன்றும் குற்றமற்றவை. கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். டேங்கை இறக்கினால், உறிஞ்சு குழாயின் சல்லடையில் துரும்பும் துருவும் கறுப்பு வழவழப்பும் அப்பியிருந்தது. ஓட ஓட அழுக்கு இழுபட்டு சல்லடையை மூடும், நிறுத்தினால் விழுந்துவிடும். பத்து நிமிடத்தில் சரியான மர்மம் அதுதான். அழுக்கு எங்கிருந்து வந்தது? சாலையில் பழைய துருப்பிடித்த பேரலில் நாங்கள் வைத்திருந்த டீசலில் இருந்து. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஹோஸ் கிளாம்ப் பக்கத்தில் ஒரு மயிரிழை வெடிப்பும் இருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றை உள்ளே இழுக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோனதற்குக் காரணம் இது. நடுவில் ஒரு முழம் கண்ணாடி டியூப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். ஹோஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

வந்ததே வந்தோம் என்று, கிளம்பும்போது வரும் 'டங்' சத்தத்தையும் சொன்னோம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து நியூட்ரலில் போட்டுவிட்டு, அடியில் போய் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினார். கிராஸில் ஆட்டம் தெரிந்தது. மூடியைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு. கிரீஸ் வறண்டு ஊசி பேரிங் தேய்ந்ததற்கு அதுதான் அடையாளம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓடும்போது ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் வண்டியே புரண்டுவிடும்.

மற்றச் சத்தங்களுக்கும் கையோடு வழி சொல்லிக்கொடுத்தார். கிளட்ச் மிதித்தால் மட்டும் கர்ரென்றால் கிளட்ச் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் அடங்குகிறது என்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். ஓடும்போது வரும் சத்தம், சமதளத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிய பிறகும் வேகத்தோடு தொடர்ந்தால் அது கியர் பாக்ஸுக்குப் பின்னால். மலை இறக்கத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். இழுக்கும்போது ஊளையிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டால் சத்தம் மாறினால் கிரவுன் பினியன். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

புதிய காமன் ரெயில் டீசல் வண்டிகளில் டீசல் பக்கம் கை வைக்காதீர்கள். அந்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவர்தான் சரி. கிளட்ச், பிரேக், கிராஸ் சோதனைகள் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

இப்போது டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த கியரில், சூடாவதற்கு முன்னாலா பின்னாலா, புகை என்ன நிறம் என்று ஓட்டுகிறவர் எழுதவேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் நீலப்புகை வருகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ராத்திரி வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கும், ஏற்றத்தில் நீலம் வராத வரைக்கும் பயமில்லை என்கிறார் மேஸ்திரி. மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்றுகிறோம். அது ஒரு லிட்டரானால் வாங்க, இன்ஜினை இறக்குவதைப் பற்றி அப்போது பேசலாம் என்றிருக்கிறார்.