அந்த இரண்டு பைட்டை நம்பலாமா?

2014 ஏப்ரல் 7 அன்று 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்புக் குறை வெளியே தெரியவந்தது. கனடா வருவாய்த் துறையிலிருந்து மட்டும் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இதன் வழியாகத் திருடுபோயின. உலகின் ஏராளமான இணையதளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள், வெளியிலிருந்து வந்த ஓர் எண்ணைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதுதான் காரணம்.

அந்த எண் வருவது இப்படித்தான்: இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பும். வந்த உள்ளடக்கத்தை மற்றது அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் முதல் பைட் அதன் வகை. அடுத்த இரண்டு பைட், உள்ளடக்கத்தின் நீளம். நெட்வொர்க் வழக்கப்படி இது பிக் எண்டியன், அதாவது மதிப்பு கூடிய பைட் முன்னால் வரும். பதினாறடிமானத்தில் 40, 00 என்று வந்தால் 64 × 256 = 16,384. இதையே இன்டெல் கணினியில் நினைவகத்திலிருந்து நேரடியாக எடுத்தால் 64 என்று கிடைக்கும். அது மதிப்பு குறைந்த பைட்டை முன்னால் வைக்கும் இனம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இந்த இடத்தில் தவறவில்லை. நீளத்தின் முதல் பைட்டை 8 பிட் இடப்பக்கம் நகர்த்தி இரண்டாவதைச் சேர்த்தது. விடை சரி. ஆனால் தாக்குபவர் அனுப்பிய செய்தியின் மொத்த நீளமே 3 பைட்தான். திருப்பி அனுப்ப அதில் உள்ளடக்கமே கிடையாது. மென்பொருளோ சொன்ன நீளத்தை நம்பி, பக்கத்து நினைவகத்தில் கிடந்ததை அள்ளிக் கொடுத்தது. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை இப்படிக் கறக்க முடிந்தது; அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியும் இருக்கலாம். நீளம் பொருந்தாத செய்தியைத் தூக்கியெறிய வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் வெளியான தரவரையறையே சொல்லியிருந்தது. அதைச் செய்யும் சில வரிகள்தான் நிரலில் விடுபட்டிருந்தன.

சி மொழியில் எழுதுபவர்கள், பைட் முகவரியை முழு எண்ணின் முகவரியாக மாற்றிப் படிக்காதீர்கள். பைட் வரிசை மட்டுமல்ல, முகவரிச் சீர்மையும் அங்கே உதைக்கும். குறியற்ற பைட்டாக ஒவ்வொன்றாக எடுங்கள். நான்கு பைட் எண் என்றால், முதல் பைட்டை 24 பிட் நகர்த்தும் முன் அதைக் குறியற்ற 32 பிட் எண்ணாக்குங்கள். மீதி எத்தனை பைட் என்று கையில் வைத்துக்கொண்டு, வந்த நீளத்தை அதோடு ஒப்பிடுங்கள். படித்த இடத்தோடு நீளத்தைக் கூட்டி ஒப்பிட்டால் கூட்டலே வழிந்து சிறிய எண்ணாகிவிடக்கூடும். பைத்தானிலும் கவனம் வேண்டும்: நான்கு பைட் ஸ்லைஸ் கேட்டு இரண்டே கிடைத்தாலும் அது பிழை காட்டாது.

பயனாளருக்கும் உரிமை உண்டு. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் ₹250 கோடி வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இப்படிக் கசிவு நடந்தால், தளம் சரிசெய்யப்பட்ட பிறகே கடவுச்சொல்லை மாற்றுங்கள். முன்னதாக மாற்றினால் புதியதும் கசியும்.

நிரலைச் சோதிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளியிலிருந்து வந்த நீளத்தைப் பயன்படுத்தும் வரிக்கு மேலே ஓர் ஒப்பீடு இல்லையென்றால், அதற்கு ஒப்புதல் தராதீர்கள்.